ஒளிந்திருந்த பிள்ளைகளிடம் நாம் கேட்காதது

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று கணக்கு வாத்தியார் கீஸிங் அவளுக்குத் தண்டனையாகக் கட்டுரை எழுதச் சொன்ன பகுதி. அவள் ஒளிந்து வாழப் போவதற்குச் சில நாட்கள் முன்பு எழுதியது. மீதியை ஆசிரியர்கள் சொல்லித் தருவார்கள். 1942 ஜூலை 6 அன்று நாஜிகளுக்குப் பயந்து ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துப் பின்பகுதிக்குள் குடும்பத்தோடு போனாள். புத்தக அலமாரிக்குப் பின்னால் எட்டுப் பேர் இரண்டு வருடத்துக்கும் மேல் சத்தம் காட்டாமல் இருந்தார்கள். 1944 ஆகஸ்ட் 4-ல் பிடிபட்டார்கள். 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் அவள் இறந்துபோனாள். கோவையில் இந்தப் பாடத்தைப் படித்த எத்தனையோ பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களும் அழுதிருக்கிறார்கள். அந்தக் கண்ணீரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறிப் பேரூர் வழியாக ஆலாந்துறைப் பக்கம் போனால் பூலுவப்பட்டி வரும். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. சத்தி ரோட்டில் புளியம்பட்டி வரை போய் அங்கிருந்து திரும்பினால் பவானிசாகர். அங்கே இன்னொன்று, இதைவிடப் பெரியது. ஈரோட்டுப் பக்கம் அறச்சலூரில் ஒன்று. இன்று ஐம்பது வயதுக்கு மேல் இந்த முகாம்களில் இருக்கிறவர்களில், சின்ன வயதில் கொலைக் கும்பலுக்குப் பயந்து ஒளிந்து பிழைத்தவர்கள் உண்டு. நம் வீட்டுச் சுவருக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணம் அடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுடைய ஜூலை மாதத்தைப் பற்றி நாம் கேட்டதில்லை. நாம் என்று நான் சொல்வது இந்த ஊரில் புத்தகம் படிக்கிறவர்களையும், கூட்டம் போடுகிறவர்களையும், கல்லூரி நடத்துகிறவர்களையும், வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களையும் சேர்த்துத்தான். என்னையும் சேர்த்துத்தான்.

1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய தாக்குதலில் பதின்மூன்று ராணுவத்தினர் செத்தார்கள். மறுநாள் அவர்களை அடக்கம் செய்வதற்காகக் கொழும்பு பொரளையில் கனத்தை மயானத்தில் கூட்டம் திரண்டது. அன்றிரவே தீ வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துப் பார்த்து எரித்தார்கள். வெலிக்கடைச் சிறைக்குள் ஜூலை 25-லும் 27-லுமாக 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். கண்டி, மாத்தளை, பதுளை, நுவரெலியா என்று மலைநாட்டுக்கும் தீ ஏறியது. செத்தவர்கள் நானூறுக்குள் என்றது அரசு. மற்ற மதிப்பீடுகள் மூவாயிரம் வரை போகின்றன.

அந்த வாரத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? பலர் பக்கத்துச் சிங்கள வீடுகளில் இருந்தார்கள். சாமான் அறையில், கட்டிலுக்கு அடியில், பரணில், கிணற்றடிக்குப் பின்னால். மலையகத்தில் தோட்டக் குடியிருப்பான லயத்தை விட்டு ஓடித் தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்தார்கள். அம்மாக்கள் நெற்றிப் பொட்டை அழித்தார்கள். தாலியை ரவிக்கைக்குள் ஒளித்தார்கள். பிள்ளைகளிடம் தமிழில் வாய் திறக்காதே என்றார்கள். இருமல் வந்தால் துணியை வாயில் வைத்துக்கொள் என்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு வருடம் நடந்தது இங்கே சில நாட்களில் முடிந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியாது. வெளியே டார்ச் வெளிச்சம் நகர்கிறபோது, அது எப்போது போகும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

ஷ்யாம் செல்வதுரை 1994-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' நாவலின் கடைசி அத்தியாயம் இந்த நாட்களைப் பற்றியது. ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பக்கத்து வீட்டுப் பெரேரா குடும்பம் தன் சாமான் அறையில் ஒளித்து வைக்கிறது. செல்வதுரை கொழும்பில் பிறந்து, 1983-க்குப் பிறகு குடும்பத்தோடு கனடா போனவர். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் சிலருக்கு எழுத இடமும், கேட்க ஆளும் கிடைத்தது. பூலுவப்பட்டிக்கு வந்து சேர்ந்தவர்களிடம் அப்படி யாரும் போய் உட்கார்ந்து கேட்டதாக எங்கள் கூட்டங்களில் நான் கேள்விப்பட்டதில்லை.

நூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தெரிந்தவர் வீடு. பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து ஆன் ஃபிராங்க் பாடத்துக்குக் கேள்வி பதில் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஏணியில் நின்றபடி ஜன்னல் மேல்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த பெயிண்டர், ஐம்பது வயதிருக்கும், கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தப் புள்ள எத்தன நாள் ஒளிஞ்சிருந்துச்சு கண்ணு?"

"ரெண்டு வருசத்துக்கு மேலங் அண்ணா."

"நாங்க மூணு ராத்திரிதான். தேயிலைக்குள்ள ரெண்டு. அப்புறம் ஒரு சிங்கள அம்மா அவங்க வீட்டுப் பரண்ல ஏத்தி விட்டுச்சு. தம்பி அழுதுருவான்னு எங்கம்மா அவன் வாயப் பொத்தினபடியே இருந்துச்சு."

அந்தச் சிங்கள அம்மாவின் பெயரையும் சொன்னார். வீட்டுக்கார அம்மா டீ டம்ளரோடு வெளியே வந்தார். "ஏனுங்க மேஸ்திரி, சாயங்காலத்துக்குள்ள ரெண்டாவது கோட்டு முடிஞ்சிருமுங்களா?" முடிஞ்சிரும் அக்கா என்றார் அவர். உப்புத்தாள் மறுபடி சுவரில் ஓட ஆரம்பித்தது. திண்ணையில் அன்று நாலு பேர் இருந்தோம். மூவர் புத்தகம் படிக்கிற ஆட்கள். ஒருவர்கூட ஏணிக்குப் பக்கத்தில் போய் அப்புறம் என்னாச்சுங்க என்று கேட்கவில்லை. அவர் சொன்ன பெயர் எங்களில் ஒருவருக்கும் இப்போது ஞாபகமில்லை.

ஈரமில்லாத ஊர் என்று நம்மைச் சொல்லிவிட முடியாது. 1983 ஆகஸ்ட் 2 அன்று தமிழ்நாடு முழுக்க முழு அடைப்பு நடந்தது. அந்த வருடங்களில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். மேடைகளில் ரத்தம், தொப்புள்கொடி என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1983 தொடங்கி 1987 வரை மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படகில் வந்து இறங்கினார்கள். அரசுக் கணக்கில் 2012 வரை மொத்தம் 3,04,269 பேர். வந்தவர்களுக்கு அரிசியும் துணியும் சேகரித்துக் கொடுத்தோம். ஆனால் அந்த ஈரம் மேடையில் எப்போதும் இனத்தைப் பற்றிப் பேசியது. ஏணியில் நிற்கிற மனிதர் எங்கே ஒளிந்திருந்தார், யார் அவருக்குச் சோறு போட்டார்கள் என்பது அந்த மேடைகளுக்குத் தேவைப்படவில்லை. சிங்கள அம்மா பரணில் ஏற்றிவிட்டாள் என்ற சாட்சியம் அந்தப் பேச்சுக்கு இடைஞ்சலாகக்கூட இருந்திருக்கும்.

1991 மே 21-க்குப் பிறகு எல்லாம் மாறிப்போனது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் முகாம்கள் போலீஸின் க்யூ பிரிவுக் கண்காணிப்புக்குள் இறுகின. முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் கொடுத்திருந்த இடங்கள் நிறுத்தப்பட்டன. 1996-ல்தான் திரும்பக் கிடைத்தன. 1992 தொடங்கிப் பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொலையைச் செய்தவர்கள் யார், முகாமில் கைக்குழந்தையோடு இருக்கிறவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களா நாம்? தெரியும். பிரித்துப் பார்த்து வாயைத் திறந்தால் நம் மேலும் சந்தேகம் விழும் என்று பயந்தோம். அந்தப் பயத்துக்கு அப்போது ஒரு நியாயம் இருந்திருக்கலாம். அது முப்பது வருடம் தாங்குமா?

அதே 1991 மே மாதக் கடைசியில் நியூயார்க்கில் ஒரு கூட்டம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்த யூதப் பிள்ளைகள், அதற்குள் பலரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், சுமார் 1,600 பேர் முதல்முறையாக உலகெங்கிலுமிருந்து வந்து கூடினார்கள். அதுவரை அவர்களை யாரும் பிழைத்தவர்கள் என்ற கணக்கில் பெரிதாகச் சேர்க்கவில்லை. வதைமுகாமிலிருந்து திரும்பிய பெரியவர்கள், உனக்கென்ன, நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது, நீ முகாமைப் பார்க்கவில்லையே என்று சொல்லிவிட்டார்கள். ஒளிந்திருந்த பிள்ளைகளும் அதை நம்பி, தங்களுக்கு நடந்தது சொல்லத் தகுந்ததில்லை என்று நாற்பத்தைந்து வருடம் இருந்திருக்கிறார்கள். பெயரை மாற்றிக்கொண்டு, அந்நிய வீட்டில் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டு, பெற்ற தாய் திரும்பி வந்தபோது அடையாளம் தெரியாமல் அழுத கதைகளையெல்லாம் அந்த இரண்டு நாளில் சொல்ல ஆரம்பித்தார்கள். அங்கே அவர்கள் வாய் திறந்த மாதத்தில்தான் இங்கே மண்டபம் முகாமிலும் பவானிசாகரிலும் இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வேண்டுமென்றே ஒருவர் திட்டம் போட்ட பொருத்தமில்லை இது. ஆனாலும் தெரியவந்த நாளிலிருந்து என்னால் அதை மறக்க முடியவில்லை.

ஹான்ஸ் கைல்சன் என்று ஒரு மருத்துவர். ஜெர்மனியில் பிறந்த யூதர். நெதர்லாந்துக்குத் தப்பிப் போய், போரின்போது அவரும் மறைந்து வாழ்ந்தவர். போருக்குப் பிறகு பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகளுக்கு மனநல வைத்தியம் பார்த்தார். அவர்களில் 204 பேர் வளர்ந்து பெரியவர்களான பிறகு அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1979-ல் நூலாக வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் பட்டதை அவர் மூன்று காலமாகப் பிரித்தார். ஆக்கிரமிப்பு வந்து வீடே நடுங்கிக் கிடந்தது முதல் காலம். பெற்றோரைப் பிரிந்து ஒளிவிடத்திலோ முகாமிலோ கிடந்தது இரண்டாவது. போர் முடிந்து, ஊரும் உறவும் சட்டமும் அந்தப் பிள்ளையை எப்படி வாங்கிக்கொண்டன என்பது மூன்றாவது. அவர் கண்டது இதுதான்: இரண்டாம் காலத்தில் கடுமையாக அடிபட்டிருந்தாலும், மூன்றாவது நன்றாக அமைந்தவர்கள் ஓரளவு தேறினார்கள். இரண்டாம் காலம் அவ்வளவு மோசமாக இல்லாமல் இருந்து, மூன்றாவது கெட்டுப்போனவர்கள் அவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். கொழும்பில் தீ வைத்தவர்களை நாம் திட்டலாம். அது நம் கையில் இருந்த காலம் இல்லை. மாத்தளைத் தேயிலைக்குள் கிடந்த பிள்ளையின் மூன்றாவது காலம் பூலுவப்பட்டியில் நடந்தது. பவானிசாகரில் நடந்தது. அறச்சலூரில் நடந்தது. அது முழுக்க முழுக்க நம் கையில் இருந்தது.

நாம் அதை எப்படி நடத்தினோம்? பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம். குறிப்பிட்ட நாளில் வரிசையில் நின்று ஆள் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். முகாமில் அதைச் செக்கிங் என்பார்கள். வேலைக்கு வெளியூர் போனவர் அந்த நாளைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். 2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில், ஆஸ்பத்திரியில் இருந்த மகனுக்கு ஆஜர் போட மறுத்ததால் ஒருவர் உயரழுத்த மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். அந்தச் செய்தி கோவையில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களிடமிருந்து ஒளிந்து பிழைத்த ஒருவரை, மிச்ச ஆயுள் முழுக்க ஒரு பட்டியலுக்கு முன்னால் நிற்க வைக்கிறோமே என்று நமக்குத் தோன்றியிருக்க வேண்டும். எந்தத் தலையங்கத்திலும் நாம் அதை எழுதவில்லை.

வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்களிடம் சிலோன்காரங்களா, ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும், எதுக்கு வம்பு என்றோம். அதே ஆளைப் பெயிண்ட் வேலைக்குக் கூப்பிடும்போது மட்டும், அவங்க நல்லா சுத்தமா வேலை செய்வாங்க, கூலியும் அதிகம் கேக்கமாட்டாங்க என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்தோம். கூலி அதிகம் கேட்கமுடியாத நிலையில் ஒருவர் இருப்பது நமக்கு வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நம் ஊரில் எழும்பிய எத்தனையோ அடுக்குமாடிகளின் சுவர்களில் இந்தக் கணக்கு இருக்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. அன்றைய கணக்கில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே 34,087 பேர். நல்ல காரியம், தாமதமாகவேனும் நடந்தது. ஆனால் 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், இந்திய மண்ணில் பிறந்ததால் நான் இந்தியக் குடிமகள் என்று உயர் நீதிமன்றம் வரை போய் 2022-ல்தான் கடவுச்சீட்டு உத்தரவு வாங்கினார். 2024-ல்தான் முதல் ஓட்டுப் போட்டார். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்கள்மேல் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காக நடவடிக்கை இல்லை என்று மத்திய அரசு விலக்கு அளித்தது. குற்றவாளிகள் இல்லை என்று சொன்னார்கள். குடிமக்கள் என்று சொல்லவில்லை. பவானிசாகரில் பிறந்து, சத்தியமங்கலத்தில் படித்து, கோவையில் வேலை தேடுகிற ஒரு பெண் நம் பேச்சுவழக்கில்தான் பேசுகிறாள். அவள் எந்த நாட்டுக்காரி என்ற கேள்விக்கு நம் தொகுதி வேட்பாளர்களை நாம் ஒரு தேர்தலிலும் நிறுத்தி வைத்துப் பதில் கேட்டதில்லை.

நமக்கு இன்னொரு கடனும் உண்டு. முகாம்களில் இருக்கிறவர்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர் வழி வந்தவர்கள். அவர்களுடைய முப்பாட்டன்கள் கங்காணிக்குப் பின்னால் கண்டிச் சீமைக்கு நடந்து போனவர்கள். சேலம், திருச்சி, கோவை என்று நம் பக்கத்துப் பஞ்சக்காடுகளிலிருந்தும் போனார்கள். 1948-ல் இலங்கை அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று தலையெண்ணிப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஒரு மலையை விட்டு இன்னொரு மலை. அந்த ஒப்பந்தத்தில் விடுபட்டு அங்கேயே நின்றவர்கள் 1977 கலவரத்திலும் 1983-லும் லயத்தை விட்டு ஓடினார்கள். பஞ்சத்தில் நம் கண்முன்னால் கிளம்பிப் போன ஒரு குடும்பத்தின் கொள்ளுப் பேரன் நூற்றைம்பது வருடம் கழித்துக் காந்திபுரத்துக்கு வந்து ஏணியில் நிற்கிறபோது, நாம் அவரைச் சிலோன்காரர் என்கிறோம்.

இந்த ஊருக்கு ஒளிந்திருந்த பிள்ளைகள் புதிதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1997 நவம்பர் கடைசியில் இங்கே பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தார்கள். அந்த இரண்டு நேரத்திலும் விளக்கை அணைத்துக் கதவை அடைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டிய வீடுகள் எல்லாப் பக்கமும் இருந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. அவர்களிடமும் நாம் கேட்கவில்லை. வெளியாளைக் கண்டால் முதலில் அடையாள அட்டையைக் கேட்கிற பழக்கத்தை மட்டும் அந்த வருடங்களிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டோம். அது பெரிய கதை. தனியாக எழுதப்பட வேண்டியது.

ஜெருசலேமில் உள்ள யாட் வஷேம் நினைவகம், உயிரைப் பணயம் வைத்து யூதர்களைக் காப்பாற்றிய மற்ற மதத்தவரின் பெயர்களை 1963 முதல் சாட்சியங்களைச் சரிபார்த்துப் பதிந்து வருகிறது. 28,000 பெயர்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அந்த வேலைக்குப் பிழைத்தவர்கள் சொன்ன சாட்சியமே ஆதாரம். ஒருவர் கேட்டார், ஒருவர் சொன்னார், இன்னொருவர் எழுதி வைத்தார். 1983-ல் கதவைத் திறந்த சிங்களக் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் அப்படி ஒன்று நம் கையில் இல்லை. அன்று நாற்பது வயதான ஒரு பெண்ணுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவள் பெயரை ஆறு வயதில் கேட்டவர்களுக்கு ஐம்பதுக்குப் பக்கம். அவர்களுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அந்தப் பெயர்கள் அவர்களுக்குத் தெரிய வாய்ப்பு குறைவு.

கோவையில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. தமிழ்த்துறை இருக்கிறது, வரலாற்றுத்துறை இருக்கிறது, சமூகப்பணித் துறை இருக்கிறது. ஆய்வுக்குத் தலைப்புக் கிடைக்காமல் அலைகிற மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு கைப்பேசியில் மணிக்கணக்காகக் குரலைப் பதியலாம். முகாமுக்குள் வெளியாட்கள் போவதற்கு அனுமதி வேண்டும். அதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். காந்திபுரத்திலிருந்து அந்த அலுவலகம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. எங்கள் வட்டத்தில் அந்த விண்ணப்பத்தை இதுவரை ஒருவரும் எழுதவில்லை.